தட்டில் இருப்பது என்ன?

நுவரெலியாவில் ஏப்ரல் மாதம் வசந்தகாலக் கொண்டாட்டம். கொழும்புச் செல்வர்களும் வெளிநாட்டுப் பயணிகளும் குளிரைத் தேடி மலையேறும் காலம் அது. அத்தகைய ஒரு நாளில், வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவரின் தயவால், கிரகரி வாவிப் பக்கமுள்ள ஓர் உணவுச்சாலையில் வெள்ளை விரிப்பிட்ட மேசைமுன் அமரும் பேறு எனக்குக் கிட்டியது. பரிசாரகர் தண்ணீரை வைக்குமுன்னரே பணிவோடு வினவினார்: "சேர், உங்கள்ல யாருக்காவது ஒத்துக்காத சாப்பாடு ஏதாச்சும் இருக்கா? பால், முட்டை, கச்சான், இறால், கோதுமை?" உணவுப் பட்டியலிலும் சில பெயர்களின் அருகே, குறுக்குக் கோடிட்ட கோதுமைக் கதிர் ஒன்று சிறியதாக அச்சிடப்பட்டிருந்தது. கோதுமை சேராத உணவு என்பது அதன் பொருள்.

நல்ல வழக்கம். அதனைப் பழிப்பதற்காக நான் இக்கட்டுரையை எழுதவில்லை.

அடுத்த மாதமே என் மாணவிகள் நால்வரை ஒரு பரீட்சைக்காக ஹற்றன் நகருக்கு அழைத்துச் சென்றேன். அவர்களுள் ஒருத்தி மஸ்கெலியாவுக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றைச் சேர்ந்தவள். சிறு வயது முதலே மெலிந்து, வெளிறி, வயிற்றுநோயால் வாடி வந்த அவளுக்கு, கோதுமையிலுள்ள புரதம் குடலை அரிக்கும் நோய் இருப்பதாகக் கண்டியிலே ஒரு வைத்தியர் கண்டறிந்து, கோதுமையை அறவே ஒழிக்குமாறு பணித்திருந்தார். பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு சாப்பாட்டுக்கடையில் நுழைந்தோம். தோசையில் கோதுமை மா கலப்பதுண்டா என்று கேட்டேன். பரிமாறிய பையன் விழித்தான். முதலாளி கல்லாவிலிருந்தவாறே சிரித்தார். "தோசைன்னா அரிசியும் உளுந்தும்தான் மாஸ்டர். பயப்படாமச் சாப்பிடச் சொல்லுங்க." நான் மீண்டும் கேட்டேன். அவர் முகம் மாறியது. "இது சாப்பாட்டுக்கடை மாஸ்டர், ஆஸ்பத்திரி இல்ல."

பிள்ளை பசியோடு இருந்தாள், என் முகத்தைப் பார்த்தாள், நான் தலையசைத்தேன். அன்றிரவு தொடங்கிய வயிற்றுப்போக்கும் வலியும் நான்கு நாள் நீடித்தன. பரீட்சையின் இரண்டாம் வினாத்தாளை அவள் எழுதவில்லை.

தலையசைத்தவன் நான். அப்பழியை வேறெவர் மேலும் சுமத்த நான் முனையவில்லை. ஆயினும் அன்று முதல் ஒரு வினா என்னை விடாது தொடர்கின்றது. ஒரே மாவட்டத்தில், இரண்டு மணி நேரப் பஸ் பயணத் தொலைவிலுள்ள இரு நகரங்களில், ஒன்றில் உண்பவன் கேளாமலே கிடைக்கும் மறுமொழி மற்றொன்றில் கேட்டும் கிடைக்காதது ஏன்? தேயிலையைக் குடிப்பவனின் குடலுக்கு அளிக்கப்படும் மரியாதை தேயிலையைப் பறிப்பவளின் மகளுடைய குடலுக்கு மறுக்கப்படுவது ஏன்?

முற்போக்காளர் என்று தம்மைக் கூறிக்கொள்வோரே இவ்வினாவைக் கேட்டு நகைப்பதுண்டு. "அரைவயிற்றுக் கஞ்சிக்கு வழியில்லாத இடத்தில் ஒவ்வாமையைப் பற்றி என்ன பேச்சு? இது பணக்கார நோய்!" என்று ஆசிரியர் அறையிலே நண்பர் ஒருவர் சொன்னார். சில ஆண்டுகளுக்கு முன் நானும் ஏறத்தாழ இவ்வாறே சொல்லியிருப்பேன் என்பதால் அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் கருத்து தவறானது. வர்க்கப் பார்வையின் பெயரால் கூறப்படும்போது அது இரட்டிப்புத் தவறாகின்றது.

நோய்க்கு வர்க்கமில்லை, மருந்துக்கு உண்டு. சீலியாக் என்று வைத்தியர் அழைக்கும் மேற்கூறிய நோய், உலக மக்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில் இருப்பதாகக் கணிக்கப்படுகிறது. கோதுமை, வாற்கோதுமை முதலியவற்றிலுள்ள குளூட்டன் எனும் பசைப்புரதம் உட்சென்றதும், அந்நோயாளியின் உடலே தன் சிறுகுடற் சுவரைத் தாக்குகின்றது. உண்ட சத்து உடலிற் சேராது இரத்தசோகையும் வளர்ச்சிக் குறைவும் தோன்றுகின்றன. இதற்கு மாத்திரை கிடையாது. கோதுமையை விலக்குவதே மருந்து. இதை உலகம் அறிந்த வரலாறு நம் நண்பர்கள் அறியத்தக்கது. ஒல்லாந்து நாட்டுக் குழந்தை வைத்தியரான வில்லெம் டிக்கே, கோதுமையே இந்நோய்க்குக் காரணம் என்று முன்னரே ஐயுற்றிருந்தார். 1944–45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நாஜி முற்றுகையால் அந்நாட்டில் பஞ்சம் மூண்டு ரொட்டி அற்றுப்போனபோது, ஊரெல்லாம் மெலிய, இந்நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினர். ரொட்டி மீண்டதும் அவர்களுக்கு நோயும் மீண்டது. 1950இல் அவர் தம் ஆய்வேட்டில் இதனை நிலைநாட்டினார். ஆக, இந்த அறிவு செல்வர் விருந்து மண்டபத்தில் பிறந்ததன்று. பட்டினி கிடந்த நாட்டின் குழந்தை வைத்தியசாலையில் உறுதிப்பட்டது.

ஒல்லாந்தில் பஞ்சம் ரொட்டியை எடுத்துச் சென்றது. நம் மலையகத்திலோ வறுமை ரொட்டியைக் கொண்டு வந்து நிலைநிறுத்தியது. இலங்கை மண்ணிற் கோதுமை விளைவதில்லை. கப்பலில் வந்த அம்மா, லயத்து அடுப்பின் முதல் உணவாக எவ்வாறு மாறியது? சுவையினாலன்று. விடியுமுன் எழுந்து, பிள்ளையைப் பிள்ளை மடுவத்திற் சேர்த்து, பெரட்டுக்கு நேரந்தவறாது போய்ச் சேரவேண்டிய பெண்ணுக்குச் சோறு வடித்துக் கறி வைக்க நேரமேது? தடித்த ரொட்டி இரண்டைச் சுட்டு, கட்டைச் சம்பலை வைத்து மடித்தால் அது மலைக்கும் கூட வரும். நண்பகல் வரை வயிற்றையும் தாங்கும். கூப்பன் அரிசி குறைக்கப்பட்டு மாவுக்கும் தட்டுப்பாடு நேர்ந்த 1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் மக்கள் பட்டினியால் மடிந்தனர் என்பதை இந்நாட்டு வரலாறு மறைக்க முடியாது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் மாவின் விலை பலமடங்கு ஏறியபோதும் முதலில் சுருங்கியது லயத்து ரொட்டியே. 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் அரசு நிர்ணயித்த நாட்கூலியில், ஒருத்திக்கெனத் தனியடுப்பு, தனி மா, தனி உணவு என்பது எளிய காரியமா என்று எண்ணிப் பாருங்கள். பணக்காரன் கோதுமையை விலக்க நினைத்தால் அவனுக்கு நூறு உணவுண்டு. எம் மாணவியின் தாய் அதனை விலக்கும்போது அவ்வீட்டின் காலை உணவே விலகிப் போகின்றது. இப்போது சொல்லுங்கள், இது எவருடைய நோய்?

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். கோதுமை உண்டவர் ஓய்ந்திருந்தால் யாதும் நேராது, உண்ட சில மணி நேரத்துள் உடலை வருத்தி உழைத்தால் மட்டும் மேனி தடித்து, மூச்சடைத்து, மயங்கி விழும் கொடிய ஒவ்வாமை ஒன்றை மருத்துவ நூல்கள் விவரிக்கின்றன. காலையில் ரொட்டியைத் தின்று, கூடையை முதுகிலிட்டுச் சரிவேறி, 18, 20 கிலோ கொழுந்து பறிப்பவளின் அன்றாட வாழ்க்கையை அறிந்த எவரும் இதைப் படித்துவிட்டு வாளாவிருக்க முடியாது. மலையில் மயங்கி விழுந்தவளை "வெறும் வயித்தோட வந்திருப்பா" என்று சொல்லி நிழலிற் கிடத்துவதை நாம் கண்டிருக்கிறோம். அவர்களுள் எவருக்கு எது காரணமென்று எவர் ஆராய்ந்தார்? அத்தகைய வேளையில் உயிர் காப்பது அட்ரினலின் ஊசி. அதுவும் நிமிடக் கணக்கில். டிக்கோயாவில் 2017இல் திறக்கப்பட்ட ஆதார வைத்தியசாலை நல்லதொரு பேறே. மேற்பிரிவு லயத்திலிருந்து அங்கு போய்ச் சேரும் பாதையைப் பார்த்தவர் அந்நிமிடங்களைக் கணக்கிட்டுக் கொள்ளட்டும்.

கடைக்கு மீள்வோம். ஹற்றன், தலவாக்கலை, பொகவந்தலாவை எதுவாயினும் நம் கடைத்தெருவில் ஒருவர் தம் உடலுக்கு ஒவ்வாததை விலக்கி உண்ண முயன்றால் என்ன நேரும்? தோசையில் கோதுமை மா சேர்ப்பது இந்நாட்டில் நெடுநாளைய வழக்கம். யாழ்ப்பாணத்து வீடுகளிலும் அது சமையல் முறையே, கலப்படமன்று. அன்றைய தோசையிலும் அதுவே இருந்தது. இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் அவித்த கோதுமை மா சேர்வதுண்டு. அப்பத்திலும் அது நுழைந்துவிடும். சாம்பாரைக் குடித்துப் பசியாறலாமென்றால், கடைப் பெருங்காயத்திலேயே கோதுமை மா கலந்திருப்பது வழக்கம். சோறு கேட்டால் 'ஃப்ரைட் ரைஸ்' வரும். அதிலிடும் சோயாக் குழம்பும் பெரும்பாலும் கோதுமை சேர்ந்து புளித்ததே. கொத்துரொட்டிக் கல்லிலே மாட்டிறைச்சியும் முட்டையும் மரக்கறியும் ஒரே தகட்டின் கீழ் ஒரே தாளத்தில் வெட்டுண்கின்றன. மீன் பற்றீஸ் பொரித்த எண்ணெயில் வடை மிதக்கிறது. கச்சான் ஒவ்வாதவர் எந்தச் சம்பலில், எந்தக் குழம்பில் அது அரைபட்டிருக்கிறது என்பதை ஊகித்தே உண்ண வேண்டும். விரதகாரர் தேங்காய்ச் சம்பலை நம்பித் தொட்டால் அதிலே மாசித்தூள் இருக்கும். மாலை அணிந்து சபரிமலைக்குப் புறப்படுவோரும், டிசம்பர் முதல் மே வரை சிவனொளிபாதத்துக்கு ஹற்றன் வழியாக நல்லதண்ணிக்குச் செல்லும் யாத்திரிகரும் ஆண்டுதோறும் இவ்வூகத்திலேயே உண்கின்றனர். நீரிழிவுக்காரர் ஒரு பிளேன்டீ கேட்டால் சீனி முன்னரே கரைந்து வருகின்றது. மேசையில் ஒரு தட்டு நிறைய ரோல்சும் கட்லட்டும் வைத்துவிட்டு, எடுத்ததற்கு மட்டும் கணக்கெழுதும் நம் நாட்டுப் பழக்கம் இருக்கின்றதே, அஃது எனக்கும் பிடித்ததுதான். ஆனால் அத்தட்டிலுள்ளவற்றின் உள்ளே இருப்பது யாது என்பதை அந்தப் பரந்தாமனே அறிவான்!

'சைவம்' என்று பலகை தொங்குகிறதே என்பர். அப்பலகை எதனைச் சொல்கின்றது? மீன் இல்லை, இறைச்சி இல்லை என்கின்றது. பாலைப் பற்றியும் கோதுமையைப் பற்றியும் எள்ளைப் பற்றியும் கச்சானைப் பற்றியும் அது வாய் திறப்பதில்லை. ஆசாரத்தைக் காப்பதற்காக எழுந்த பலகை அது. உடலைக் காப்பதற்கான பலகை நம் தெருவில் இன்னும் எழவில்லை.

"ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு சட்டியா வைக்க முடியும்?" என்று முதலாளிமார் கேட்கின்றனர். அவர்களுக்கு வரலாற்றிலிருந்தே விடை கூறலாம். தமிழர் தேநீர்க்கடைகள் நெடுங்காலம் தனிப்பாத்திரம் வைத்து நடந்த கடைகளே அல்லவா? யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஒடுக்கப்பட்ட சாதியினருக்குப் போத்தலிலும் பேணியிலும் தேநீர் கொடுத்த கடைகளை நாடறியும். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் அதனைக் குற்றமென விதித்தும், கடைகள் அசையவில்லை. தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தின் தலைமையில் 1968இல் சாவகச்சேரி முதலிய இடங்களில் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டம் நடைபெற்றது. அடியும் உதையும் பட்ட பின்னரே கதவு திறந்தது. இழிவுபடுத்துவதற்காகத் தனிப்பேணியைக் கழுவி, தனி ஆணியில் மாட்டி, எவருக்கு எது என்று ஒருநாளும் தவறாது நினைவில் வைத்திருந்த வணிகம், ஒரு நோயாளிப் பிள்ளைக்காக ஒரு தனிக் கரண்டியை நினைவில் வைக்க முடியாது என்றால், அதை எவர் நம்புவார்?

முடியாமையன்று இது, மனமின்மை.

உண்பவன் தன் உணவைப் பற்றி அறிந்துகொள்வதையே சதியென்று தூற்றிய காலமும் இந்நாட்டிற்கு உண்டு. 2013இல் பொதுபல சேனா எழுப்பிய இனவெறிக் கூச்சலின் முன், அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா ஹலால் சான்று வழங்குவதைக் கைவிட நேர்ந்தது. மதநெறியை நான் இங்கு விவாதிக்கவில்லை. பொதியின் மேல் ஒரு சிறு குறியைக் கண்டு ஒருவன் 'இதை உண்ணலாம்' என்று தெளிவதைக்கூடப் பொறுக்காத அரசியல், நாளை நோயாளியின் குறியையும் பொறுக்காது என்பதை மட்டும் சொல்கிறேன்.

சட்டம் என்ன சொல்கின்றது? 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமும் அதன் கீழமைந்த ஒழுங்குவிதிகளும், பொதிசெய்த உணவின் உறைமேல் சேர்மானங்களை எழுதப் பணிக்கின்றன. 2016இல் இனிப்புப் பானங்களின் சீனியளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களாற் காட்டும் விதியும் வந்தது. இவையெல்லாம் கடையலமாரியிலுள்ள பொதிக்கு. வாழையிலைத் துண்டில் வைத்துத் தரும் தோசைக்கு உறையேது? பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் ஈயைப் பார்க்கிறார், கழிவுநீரைப் பார்க்கிறார், சமையற்காரனின் நகத்தைப் பார்க்கிறார். அவை வேண்டியவையே. 'இப்பண்டத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால் உன் ஆட்களுக்குச் சொல்லத் தெரியுமா?' என்றும் அவர் கேட்கலாமே! ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் முதல், உறையிடாத உணவுக்கும், உணவுச்சாலைத் தட்டுக்கும்கூட, 14 வகை ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றிய தகவலை வணிகர் அளித்தாக வேண்டும். இங்கிலாந்தைச் சேர்ந்த 15 வயதுச் சிறுமி ஒருத்தி, எள் கலந்திருப்பது குறிப்பிடப்படாத ரொட்டியை உண்டு 2016இல் இறந்த பின்னர், பெற்றோரின் இடையறாத முயற்சியால் 2021இல் அந்நாட்டுச் சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. இந்தியாவும் 2020இல் விதி வகுத்தது. ஆனால் 10 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகளைக் கொண்ட பெருங்கடைத் தொடர்களைப் போன்ற பெரியவற்றை நோக்கியே அது பேசுகின்றது. அதனை அப்படியே நாம் படியெடுத்தால் ஹற்றன் பஸ் நிலையம் மறுபடியும் வெளியே நிற்கும்.

ஆகவே நாம் கேட்பது பெரிதன்று. நகரசபையும் பிரதேச சபைகளும் ஆண்டுதோறும் உணவுக்கடைகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குகின்றன. அதன் நிபந்தனைகளுள் ஒன்றாக, சுவரிலே ஒரு பலகை வேண்டும்: அன்றைய பண்டங்களின் பெயர், அவற்றில் கோதுமை, பால், முட்டை, கச்சான், எள், சோயா, மீன், மாசி இவற்றுள் எவை சேர்ந்துள்ளன என்ற குறிப்பு, தமிழிலும் சிங்களத்திலும். ஒரு சட்டியும் ஒரு கரண்டியும் புறம்பாக வேண்டும். சீனியைக் கேட்டபின் போட வேண்டும். இதற்கு ஆகும் செலவு, கடைவாசலில் மின்னும் வண்ணவிளக்குக்கு ஆகும் செலவிலும் குறைவு. பலகையிற் பொய் எழுதினால் தண்டம் விதிக்கட்டும். 'எனக்குத் தெரியாது' என்று நேர்மையாக எழுதினாலும் பாதகமில்லை. பொய்யான உறுதியை விட அது நூறு மடங்கு நன்று. அன்று அந்தக் கல்லாவிலிருந்து அவ்வொரு சொல் வந்திருந்தால் ஒரு பிள்ளை தன் வினாத்தாளை எழுதியிருப்பாள்.

பாடசாலையிலும் நமக்கு வேலையுண்டு. கருவுற்ற தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் அரசு 1970களிலிருந்து வழங்கிவரும் திரிபோஷ மாவிலே சோளம், சோயா, பாற்பொடி ஆகியவை சேர்கின்றன. பெரும்பாலோர்க்கு அது அமுதம். பாலோ சோயாவோ ஒவ்வாத குழந்தைக்கு மாற்றாக எதைத் தருகிறோம்? "பிள்ளை சத்துமாவைத் துப்புது, அடம்பிடிக்குது" என்று தாயை அதட்டியனுப்பும் முன், ஏன் துப்புகிறது என்று ஒருமுறை கேட்டோமா? பகலுணவு வேளையில் டப்பாவைத் திறக்காது ஒதுங்கும் மாணவனை 'நாணம்' என்று நாம் எழுதி முடித்துவிடுகிறோம்.

பரிமாறும் பையன்மேல் எவரும் சினங்கொள்ள வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அவன் பெரும்பாலும் தோட்டத்துப் பிள்ளையே. படிப்பை இடையில் நிறுத்தி, விடியற்காலை முதல் இரவு வரை நின்ற காலில் நிற்பவன். சமையலறையில் என்ன கலக்கிறார்கள் என்பதை அவனுக்கு எவரும் சொல்வதில்லை. அவன் கேட்பதையும் எவரும் விரும்புவதில்லை.

இரு வாரங்கழித்து அதே கடைக்கு நான் தனியே போனேன். முதலாளி இல்லாத நேரம். அதே பையன் தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மேசையைத் துடைப்பதுபோலக் குனிந்து, தாழ்ந்த குரலிற் கேட்டான்.

"சேர், அன்னைக்கு வந்த அக்காவுக்கு என்னாச்சு?"

சொன்னேன். அவன் துணியைப் பிழிந்துகொண்டே நின்றான்.

"நான் அன்னைக்கே உள்ள போயி கேட்டேன் சேர். மா கலக்குறோம்னுதான் குசினியில சொன்னாங்க. திரும்பி வந்து சொல்றதுக்குள்ள முதலாளி பதில் சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் நான் எப்படிச் சொல்றது?"